வெங்கனிலிருந்து வந்த அழைப்பு

குன்னூர்
பிப்ரவரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் அதைத்தான் முதலில் படித்தேன். மூட்டு அறுவைக்குப் பிறகு கொடைக்கானல் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பது நல்ல சேதி. ஆனால் முழுச் சுற்று ஐந்து கிலோமீட்டர். உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன் என்ற வீறாப்பில் முதல் மாதமே அதை முடித்துக் காட்ட வேண்டியதில்லை. இங்கே இந்த முறை உறைபனி கொஞ்சம் கூடுதல். தலைகுந்தாப் பக்கம் புல்வெளி வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது. அதைப் படமெடுக்க விடிவதற்கு முன்பே சுற்றுலாக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். தேயிலைக்காரர்களுக்கு அந்த வெள்ளை வயிற்றெரிச்சல். தாழ்வான தோட்டங்களில் கொழுந்து கருகிவிட்டது. மாலையிலேயே காட்டுச்செடிக் கொப்புகளை வெட்டிப் போட்டு மூடியவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

பனியில் காலே வைத்தறியாத உன்னைப் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு எவன் விருந்தாளியாகக் கூப்பிட்டான் என்று கேட்டிருந்தாய். ரயில்தான் கூப்பிட்டது. நம் மலை ரயிலின் பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை என்று உனக்குப் பலமுறை சொல்லி அலுப்பேற்றியிருக்கிறேன். அவற்றைப் பார்ப்பதற்கென்றே அந்த நாட்டுக்காரர்கள் எங்கள் ஷெட்டுக்கு வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் வெங்கன் மலைப்பாதையில் பல்சக்கர ரயில் ஓட்டியவர். ஒரு நாள் முழுக்க இன்ஜினுக்கு அடியில் என்னோடு படுத்துக் கிடந்தார். சக்கரங்களை ஓட்ட இரண்டு சிலிண்டர், பல்சக்கரத்தை ஓட்ட இரண்டு சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் பேச்சுக்குத் தடை இருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் தம் ஊர்ப் பந்தயக் குழுவில் சம்பளமில்லாமல் உழைக்கிறார். குழுவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு விருந்தாளியை அழைக்கலாமாம். அவர் என்னை அழைத்துவிட்டார். விசா கதையை விடு. பென்ஷன் புத்தகத்தின் நகல் வரை கொடுத்த பிறகு கிடைத்தது.

பந்தயத்தின் பெயர் லௌபர்ஹார்ன். 1930-இல் தொடங்கியது, ஜனவரி நடுவில் நடப்பது. மலைச்சரிவில் நேராகக் கீழே பாயும் பந்தயங்களில் உலகக் கோப்பை வரிசையில் இதுதான் மிக நீளமானது, ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். மற்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இங்கே இரண்டரை நிமிடம். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். புறப்படும் இடம் 2,315 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637. ஆக, அவர்கள் கிளம்புவதே தொட்டபெட்டாவுக்குக் கீழே, சற்றேறக்குறைய ஊட்டி உயரத்தில். முடியும் இடம் 1,287 மீட்டர், குன்னூரையும் தாண்டிக் காட்டுக்குள் போய்விடும் உயரம். அந்த இறக்கத்துக்கு நம் ரயில் மணிக்கணக்கில் பெருமூச்சு விடும். உயரம் ஒன்றாக இருந்தும் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி, இங்கே புல் நுனியில் மட்டும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் நாம், அவ்வளவுதான்.

வெங்கனுக்குக் காரில் போக முடியாது. அடிவாரத்தில் லௌட்டர்புருன்னன் என்ற ஊரிலேயே காரை விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் 1893-இல் போட்ட பல்சக்கர ரயில்தான் கதி. பார்வையாளர்கள், வீரர்களின் மூட்டை முடிச்சு, தொலைக்காட்சிக் கருவிகள், பாதுகாப்பு வலைகள், சமையல் சாமான், பீர்ப் பீப்பாய்கள் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் ஏற வேண்டும். பந்தய நாள் விடியற்காலையில் அந்த நடைமேடையில் நின்றபோது, உண்மையான பந்தயம் இங்கேதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு வண்டி கிளம்பி வளைவில் மறைவதற்குள் அடுத்தது நகர்கிறது. முன்னால் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பின்னால் வருவது ஏறுகிறது. நம் இன்ஜினைப் போலவே கீழ்ப்பக்கமிருந்துதான் தள்ளுகிறார்கள், ஆனால் மின்சாரத்தில். நம் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே, பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கு, இரண்டு பல்சட்டங்கள் பல் மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அவர்களுடையது ஏணியைப் படுக்கப் போட்டது போல ஒற்றையாக இருக்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில் ஏற வேண்டிய வண்டியை விட்டுவிட்டேன். நண்பர் சிரித்துவிட்டு அடுத்ததில் ஏற்றினார்.

அதற்கு முன்பே, பயிற்சி ஓட்ட நாளில், அவர் என்னைப் பந்தயப் பாதையின் நடுப்பகுதிக்கு அழைத்துப் போயிருந்தார். கீழ்நோக்கிப் பாயும் பந்தயத்தில் பயிற்சி ஓட்டம் கட்டாயம். பாதையை ஒருமுறையாவது ஓடிப் பார்க்காமல் யாரையும் போட்டியில் விடமாட்டார்கள். அவர் காட்டிய இடத்துக்கு வாஸர்ஸ்டேஷன் என்று பெயர். அந்தக் காலத்து நீராவி இன்ஜின்கள் தண்ணீர் பிடித்த இடமாம். நம் ரயில் தண்ணீர் பிடிக்கும் ஹில்குரோவ் நினைவு எனக்கு வராமல் இருக்குமா? அங்கே பந்தயப் பாதை ரயில் பாதைக்கு அடியில் ஒரு குறுகிய வழியாக நுழைந்து போகிறது. மேலே வண்டி ஊர்ந்து ஏறுகிறது. கீழே மனிதன் பறக்கிறான்.

பனிச்சறுக்கு என்றால் பஞ்சுப் பொதி மேல் வழுக்கிப் போவது என்று நானும் நீயும் நினைத்திருந்தோமே, அது சுற்றுலாக்காரர்களுக்கு. பந்தயப் பாதையில் பனிக்குள் தண்ணீரைச் செலுத்தி இறுகவைக்கிறார்கள். காலணிக்கு அடியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஓரத்தில் ஒரு காலை வைத்துப் பார்த்தேன். வெளிர் நீல நிறம், சலவைக்கல் இறுக்கம். முள் கீறிய கோட்டில் சிறு தூள்கூட எழும்பவில்லை. அதன் மேல் 218 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளச் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வருகிறான் ஒருவன். முதலில் உருவம் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது. தகரத்தை ஆணியால் கிழிக்கிற சத்தம். பிறகு குனிந்த முதுகு, நடுங்குகிற தொடை, அவ்வளவுதான். போய்விட்டான். தொலைக்காட்சியில் அந்தத் தொடை நடுக்கம் தெரிவதே இல்லை.

இதற்குக் கீழேயுள்ள நேர்ச்சரிவில் 2013-ஆம் ஆண்டு பிரெஞ்சு வீரர் யோஹான் கிளாரி மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அதே கிளாரி 41 வயதில், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். இதை உனக்காகவே எழுதுகிறேன். முப்பது தாண்டியவன் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. ஆனால் எல்லாம் வெற்றிக் கதை அல்ல. முடிவுக்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு இரட்டை வளைவு இருக்கிறது. கால்கள் ஓய்ந்துபோன நேரத்தில் வருவது அது. 1991-இல் கெர்னாட் ரைன்ஸ்டாட்லர் என்ற ஆஸ்திரிய இளைஞனின் சறுக்குக் கட்டை அங்கே பாதுகாப்பு வலையில் சிக்கி உயிர் போயிற்று. நண்பர் அந்த இடத்தைக் கையால் மட்டும் காட்டினார், பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பந்தயத்தன்று என் இருக்கை முடிவுக்கோட்டுக்கு எதிரே, விருந்தினர் மேடையில். கழுத்தில் அட்டை, மடியில் கம்பளி, கையில் சூப்புக் கிண்ணம். ராஜ உபசாரம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அங்கிருந்து தெரிவது கடைசிச் சில விநாடிகள் மட்டும். மீதிக்கு எல்லாரும் பெரிய திரையைத்தான் பார்க்கிறோம். அதைக் குன்னூரில் வீட்டில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். உயர்ந்த இருக்கைக்கு மிகக் குறைந்த காட்சி என்பது எந்த ஊர்ப் பந்தயத்துக்கும் பொதுவோ என்னவோ. என் பக்கத்து நாற்காலிகள் சில காலியாகவே இருந்தன. அழைக்கப்பட்டவர்கள் கூடாரத்துக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். உருக்கிய பாலாடைக்கட்டியை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துத் தருகிறார்கள். அதை விட்டு வர மனமில்லை போலும். ருசிதான். ஆனால் அந்தக் கிழங்கு நம் ஊட்டிக் கிழங்குக்கு உறை போடக் காணாது.

அந்தக் கூடாரத்துச் சமையலறையில்தான் தமிழ் கேட்டது. யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், பாத்திரத்தை இறக்கும்போது தமக்குத் தாமே ஏதோ சொல்லிக்கொண்டார். நான் பேச்சுக் கொடுத்ததும் ஐயா எந்த ஊர் என்று கேட்டார். குன்னூர் என்றேன். ஊட்டிக்குப் பக்கத்திலா, தேயிலை ஊரா என்றார். 1964 ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் இங்கே கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீர் ஒரு குவளை கொடுத்தார். அந்தக் குளிரில் அதற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. வருடாவருடம் இந்தக் கூடாரத்துக்கு வேலைக்கு வருகிறாராம். பந்தயத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லையாம். முதல் வீரன் கிளம்புகிற நேரமும் சூப் பரிமாறுகிற நேரமும் ஒன்றாகிவிடுகிறது. காலி நாற்காலியில் ஐந்து நிமிடம் வந்து உட்காரக் கூடாதா என்று நண்பரிடம் கேட்டுப் பார்த்தேன். அட்டையில் படம் இருக்கிறது, ஆள் மாற்ற முடியாது என்றார். சட்டம் சட்டம்தான். நண்பருக்கென்று எடுத்துப்போன வர்க்கியில் பாதியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். விமானத்தில் நொறுங்கியது போகத் தேறியது அவ்வளவுதான்.

நீ ரசிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்த நாட்டு மந்திரி ஒருவரும் வந்திருந்தார். இந்தப் பந்தயத்துக்கு மந்திரிகள் வருவது வழக்கமாம். நம்மூர் நினைப்பில் நான் எழுந்து நிற்கத் தயாரானேன். யாரும் அசையவில்லை. சூப்புக்கு அவரும் வரிசையில் நின்றார். கொடியசைக்கவில்லை, புறா விடவில்லை, ‘போட்டிகளை இனிதே தொடங்கி வைக்கிறேன்’ என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை இல்லை. அச்சிட்ட நேரத்துக்கு மேலே கதவு திறந்தது, முதல் எண்காரன் பாய்ந்துவிட்டான். நடுவில் மூடுபனி வந்து சிறிது நேரம் நிறுத்தினார்கள். அந்தக் காத்திருப்பு மட்டும் மந்திரிக்கும் மாட்டுமணி ஆட்டிக்கொண்டிருந்த சிறுவனுக்கும் ஒரே அளவு. 2017-இல் வானிலை கெட்டு இந்தப் பந்தயத்தையே ரத்து செய்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விருந்தாளி வந்திருந்தாலும் மேகத்தின் பேச்சுதான் எடுபடும்.

உங்கள் நாட்டில் இந்த விளையாட்டு உண்டா என்று பலர் கேட்டார்கள். குல்மார்க்கைச் சொன்னேன். பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் காஷ்மீரத்து ஆரிப் கான். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஜயண்ட் ஸ்லாலமில் 45-ஆவது இடம். மணாலிப் பெண் ஆஞ்சல் டாக்கூர் 2018-இல் துருக்கியில் வெண்கலம் வாங்கியதையும் சொன்னேன். 45-ஆவது என்றதும் பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு சுற்றையும் விழாமல் முடித்தாரா என்று கேட்டார். முடித்தார் என்றேன். அப்படியானால் சரி என்று கைகொடுத்தார்.

கடைசியாக நீ எழுதியிருந்த விஷயம். உன் பழைய பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள் என்றாய். வெளிநாட்டுப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவன் என்பதுதான் என் தகுதி போலிருக்கிறது. வருகிறேன், ஆனால் சிலவற்றை நீ அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நான் வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் குறித்த நேரத்துக்கு முதல் ஓட்டம் கிளம்பிவிட வேண்டும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் பஸ் எப்போது நிற்கும் என்று யார் கண்டது? அதற்காகப் பிள்ளைகள் பனிக்காற்றில் கால்சட்டையோடு நிற்கக் கூடாது. பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்கு நாலு பந்து வாங்கலாம். பேச்சு கட்டாயம் என்றால் பரிசளிப்புக்குப் பிறகு வைக்கட்டும், கேட்க விரும்புகிறவர்கள் இருந்து கேட்கட்டும். எனக்கு நாற்காலியை மேடையில் போடாதே. 400 மீட்டர் ஓட்டத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கத் தொடங்குவது கடைசி வளைவில்தானே? அங்கே போடு. மதியச் சமையல் செய்கிற அம்மாக்களுக்கும் அங்கேயே நாலு நாற்காலி போட்டுவை. சாப்பாடு அரை மணி நேரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் தேதியை எழுது. முதல் நாள் மாலையே வந்துவிடுகிறேன். குன்னூரிலிருந்து உனக்குத் தேயிலைத்தூள் கொண்டுவருகிறேன், வர்க்கியும்தான். போன முறை போல அதை வீட்டாருக்குத் தெரியாமல் அலமாரியில் ஒளித்து வைத்துத் தின்னாதே. மருந்து மாத்திரைச் செலவை உன் மகள் என் தலையில்தான் கட்டுவாள்.

அன்புடன்,
உன் பழைய ரயில்காரன்