என் வெள்ளைப் பெஜோ சைக்கிளை மீட்டுத் தந்தவர்களுக்கு

வணக்கம்.

போன ஞாயிறு காலை பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில் இருந்து லூர்க் கால்வாய்க் கரையோரமாகக் கிளே சூய்யி வரைக்கும் போய்த் திரும்பினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு. பெடல் அடியில் ஒரு முனகல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தேத்தண்ணிகூட வைக்காமல் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மதாமுக்கு. உங்கள் கணவர் 1974-இல் வாங்கிய பெஜோ பிஎக்ஸ்-10 இது. அடுத்த வருடம் தூர் து பிரான்ஸ் சைக்கிள் போட்டி முதன்முறையாகப் பாரிசின் ஷாம்ஸ் எலிசே வீதியில் முடிந்தபோது, நீங்கள் இருவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறீர்கள். பெஜோ அணியின் பெர்னார் தெவெனே வென்றார், மெர்க்ஸ் இரண்டாவதாக வந்தார். "எங்கள் சைக்கிள் வென்றது" என்று உங்கள் கணவர் கத்தியதைச் சொல்லும்போது உங்கள் கண் கலங்கியது. விலை சொல்லுங்கள் என்று கேட்டேன். "ஓட்டுவாயா? அப்படியென்றால் கொண்டுபோ" என்றீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. பள்ளிக்கூடம், ரியூசன், சங்கக்கடை எல்லாம் அந்தப் பாரமான சைக்கிளில்தான். அதையே தெரிந்த கைக்கு, பத்துக் கிலோ அளவே இருக்கிற இந்தச் சைக்கிளைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. சைக்கிள் சட்டம் முழுக்க ரெனோல்ட்ஸ் 531 குழாய். இங்கிலாந்தில் 1935-இல் வந்த, மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த உருக்கு. முனைகளில் சுவர் தடிப்பு, நடுவில் மெல்லிசு. பாரம் குறைவதன் இரகசியம் அவ்வளவுதான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மாசி மாதம் பெடல் அச்சில் கறகற என்று சத்தம் வந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் விட்டேன். அவர்கள் அந்த அச்சை இரண்டு பக்கமும் தாங்குகிற, சட்டத்துக்குள் மரையால் பூட்டுகிற பழைய கப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்று எல்லா இடமும் கிடைக்கிற ஆங்கில அளவுக் கப்புகளைப் போட்டார்கள். விட்டத்தில் ஆங்கில அளவு ஏறத்தாழ 34.8 மில்லிமீற்றர், பழைய பிரெஞ்சு அளவு 35. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் வலப்பக்கக் கப்பு இடம்புரி மரை. பிரெஞ்சில் இரண்டு பக்கமும் வலம்புரி. நீளச் சாவி போட்டு இறுக்க இறுக்க, புது மரை பழைய மரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டாம் நாள் செவ்ரானில் பெடல் ஆடத் தொடங்கியது. திரும்பக் கொண்டுபோனபோது, "சட்டம் முடிந்தது, சுவரில் மாட்டி வையுங்கள்" என்றார்கள். மதாமுக்கு என்ன சொல்வேன் என்று எண்ணி அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அன்று செவ்ரானில் என்னோடு ரயில் நிலையம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த இரண்டு பள்ளிக்கூடப் பொடியன்களே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள், ரோல்ஸ் சுட்டுத் தருகிறேன்.

இனிப் பட்டறைத் தம்பிக்கு. அவரவர் சைக்கிளை அவரவரே பழுதுபார்க்க ஆயுதங்களும் ஆளும் தருகிற அந்தச் சின்னப் பட்டறையில், ஒரு தமிழ்ப் பொடியன் நிற்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அன்ரி, விடுங்கோ பாப்பம்" என்றீர். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்து, வெளி மரை நாலைந்துதான் போயிருக்கிறது, உள்ளே இருப்பது பிழைத்திருக்கிறது என்று சொன்ன அந்த நிமிடத்துக்கே உமக்கு ஆயிரம் நன்றி. 35-க்கு 1 அளவு, அதாவது 35 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் மரை இடைவெளியும் உள்ள பிரெஞ்சு மரைவெட்டி உங்களிடம் இருக்கவில்லை. இரவல் வாங்கி வந்தீர். மூன்று மாலை, கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே, எண்ணெய், திரும்பவும் கால் சுற்று. அவசரப்படவே இல்லை. என் கையிலும் பிடியைத் தந்து, வெட்டும்போது உருக்கு எப்படி எதிர்க்கிறது என்று உணர வைத்தீர்.

ஆனால் கப்பு? அதற்குத்தான் தூ மாவட்டத்து ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெஜோவின் சைக்கிள் தொழிற்சாலை இருந்த பொலியூவுக்குப் பக்கத்து ஊர்க்காரர். என்னை ஒருநாளும் கண்டதில்லை. தம்பி விசாரித்த நாலாவது நாள் ஒரு பிஸ்கட் டின் தபாலில் வந்தது. கிறீஸ் பூசி, பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு சோடிக் கப்புகள், அச்சு, குண்டுகள். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, தபால் முத்திரைக்கு மட்டும் அனுப்பச் சொன்னார்.

பிரெஞ்சு மரையில் ஒரு குணம் உண்டு. வலப்பக்கக் கப்பு ஓட ஓடத் தானாகத் தளரப் பார்க்கும். அதனால் மிகவும் இறுக்க வேண்டும், ஆனால் சாவியோ வழுக்கும். தம்பி ஒரு நீள போல்ட்டும் பெரிய வாசர்களும் போட்டுச் சாவியைக் கப்போடு சேர்த்துப் பிடித்துவைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்து இறுக்கினார். பிறகு என் நகப்பூச்சால் கப்பிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தோம். கப்பு அசைந்தால் கோடு முறியும். ஞாயிறு ஓடி முடித்துப் பார்த்தேன், கோடு அப்படியே நேராக இருந்தது. தம்பி, ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று முன்பக்க 45 பல் சக்கரத்தைக் கழற்றி 38 பல் போட்டுத் தந்ததும் நீர்தான். அடுத்த மாதம் ரயிலில் சான் ரெமிக்குப் போய், தம்பியேர் என்ற ஊருக்குப் பக்கத்துப் பதினேழு வளைவு ஏற்றத்தில் அதைப் பார்க்கப் போகிறேன்.

பாரிஸ் லா சப்பலில் ஏழு மாதம் தன் கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சட்டத்துக்கு இடம் தந்த அண்ணைக்கும், ஒருநாள்கூட "ஏன் இந்தப் பழசு" என்று கேட்காத என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

மதாம், நேற்று உங்கள் கதவைத் தட்டினேன். நீங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நெடுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

தூ மாவட்டத்து ஐயா, இரண்டாவது சோடியை என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தேன். "தேவைப்படுகிறவர் வருவார், கொடுத்துவிடு" என்று பதில் போட்டிருந்தீர்கள். அது கிறீஸும் தாளுமாக அதே டின்னில், எங்கள் வீட்டு அலுமாரி மேல் தட்டில் இருக்கிறது. பழைய பிரெஞ்சுச் சைக்கிளோடு அந்தரப்படுகிறவர்கள் வந்து கேளுங்கள்.