பாண்டி பஸ் 1200 கிலோமீட்டர் ஓடிய கதை

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பேரன் தம்பி போட்ட கணக்கை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். போனில் சொன்னால் நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழப்புவீர்கள். அதான் காகிதம்.

அவன் புத்தகத்தில் இருக்கிற கார்களை நம்ம ரூட் பஸ்ஸாக மாற்றிக்கொண்டேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டிலிருந்து 7 மணிக்கு ஒரு வண்டி பாண்டிக்குக் கிளம்புகிறது, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். 10 நிமிஷம் கழித்துப் பின்வண்டி, 40 கிலோமீட்டர் வேகம். எங்கே பிடிக்கும்?

பின்வண்டி ஓடிய நேரத்துக்கு அவன் எக்ஸ் போட்டிருக்கிறான். நான் ‘நே’ என்று போடுகிறேன், நேரம் என்பது மறக்காது பார். 40 × நே = 30 × (நே + 10). விடை 30. சரிதான். ஆனால் அடுத்த வரியில் பிள்ளை 40-ஐ 30-ஆல் பெருக்கி, 1200 கிலோமீட்டரில் பிடிக்கும் என்று எழுதிவிட்டான்! நம்ம பாண்டி பஸ் விசாகப்பட்டினத்தையே தாண்டிப் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லி ரொம்ப நேரம் சிரித்தோம். (அவனிடம் சொல்லாதே.)

வந்த 30 நிமிஷக் கணக்கு, வேகமோ மணிக்கணக்கு. அரை மணிக்கு 40-இல் பாதி, 20 கிலோமீட்டர். அரியாங்குப்பம் பக்கத்தில் பிடித்துவிடும்.

நான் கண்டக்டராகப் பை மாட்டிய காலத்தில் எக்ஸும் இல்லை, நேவும் இல்லை. ஆல்பேட்டையில் பூ விற்கிற அம்மாவிடம் ஜன்னல் வழியே, “முன்வண்டி போய் எவ்ளோ நேரம்மா ஆச்சு?” என்று கேட்பேன். எட்டு நிமிஷம் என்றால் டிரைவர் உடனே, “நாலு கிலோமீட்டர் முன்னாடி இருக்கான்” என்பார். நிமிஷத்தை அப்போதே தூரமாக்கிவிடுவார். தம்பி கணக்கிலும் அப்படித்தான்: பின்வண்டி கிளம்பும்போது முன்வண்டி 5 கிலோமீட்டர் போயிருக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் வீதம் இடைவெளி குறைகிறது. 5 குறைய அரை மணி.

எக்ஸ் போடும் முன்னால் ஒரு கோடு போட்டு, எது ரெண்டு வண்டிக்கும் பொது என்று பார்க்கச் சொல். பின்னால் வந்து பிடித்தால் ஓடிய தூரம் பொது. இங்கிருந்து ஒன்று, பாண்டியிலிருந்து ஒன்று ஒரே சமயம் கிளம்பி எதிரெதிரே வந்தால் நேரம் பொது. ரெண்டும் ஓடிய தூரத்தைக் கூட்டினால் முழு ரூட். அது தெரிந்தால் சமன்பாடு தானாக வந்துவிடும்.

இன்னொன்று. போனில் சொல்ல வாய் வராது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கணக்கு. 24 கிலோமீட்டர் தூரம், போகும்போது 40 வேகம், திரும்பும்போது 24. சராசரி என்ன? நீ 30 என்றாய். நான் ஆறு சிங்கிள் (ஒருவழி ஓட்டம்) முடித்து வந்த அலுப்பில், “40-ஐயும் 24-ஐயும் கூட்டிப் பாதியாக்கு, 32. இதுகூடத் தெரியாதா?” என்று கத்தினேன். நீ ஒன்றும் பேசாமல் ரப்பரால் அழித்துவிட்டு 32 எழுதினாய். போக 36 நிமிஷம், வர 60. மொத்தம் 96 நிமிஷத்தில் 48 கிலோமீட்டர். 30-தான். மெதுவாக வந்த நேரம் அதிகம், சராசரி அந்தப் பக்கம்தான் சாயும். தினமும் அதே ரோட்டில் போய் வந்த எனக்கு அது உறைக்கவில்லை.

சிவப்பு மை அடித்து வந்த நோட்டை நீ என்னிடம் காட்டவே இல்லை. அம்மாதான் காட்டினாள். நானும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அந்தக் கணக்கைத் தம்பிக்கும் கொடு. 32 என்று சொன்னால் திட்டாதே, தாத்தாவும் அதைத்தான் சொன்னார் என்று சொல்.

அப்பா