ஒரு ராத்திரி வந்து அளந்து பாருங்க: காற்றாலைகளுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காற்றாலைச் சத்தத்துல ராத்திரி தூங்க முடியலைன்னு நாங்க கொடுத்த புகாருக்கு நீங்க அனுப்பின பதில் போன வாரம் கைக்கு வந்துச்சு. "சத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது, மேல் நடவடிக்கை தேவையில்லை." எட்டு மாசமா அஞ்சு கடிதம் எழுதினோம், அதுக்கு ரெண்டு வரி பதில்.

அளக்க வந்தவர் எப்ப வந்தார்னு உங்க ஃபைல்லயே இருக்கும். காலைல 11 மணி. மரத்துல இலை சலசலன்னு ஆடுது, ரோட்டுல வண்டி போகுது வருது, றெக்கை பாதி நேரம் சுத்தவே இல்ல, பத்து நிமிஷம் மீட்டரை ஸ்டாண்டுல நிறுத்தி வச்சுட்டு எழுதிக்கிட்டு போயிட்டார். அவரைக் குத்தம் சொல்லல, அவருக்குச் சொன்ன வேலையை அவர் செஞ்சார். அந்த வேலையைச் சொன்னது நீங்கதான். நாங்க எழுதின அஞ்சு கடிதத்துலயும் "ராத்திரில தூங்க முடியல"ன்னுதானே எழுதியிருக்கோம், அப்புறம் எதுக்குங்க பகல்ல வந்து அளக்கணும்?

ராத்திரில என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. பொழுது சாஞ்சதும் தரை குளுந்துடும், கீழ காத்து அப்படியே அடங்கிடும், ஆனா நூறு மீட்டர் உயரத்துல நல்லா வீசிக்கிட்டேதான் இருக்கும். மேல மெஷின் முழு வேகத்துல ஓடும், கீழ ஒரு இலை அசையாது. பகல்ல அந்தச் சத்தத்தை மூடி மறைக்கிற எதுவும் அப்ப இருக்காது. நெதர்லாந்து எல்லையோரமா ஜெர்மனில இருக்கிற காற்றாலைகளை வச்சு வான் டென் பெர்க்ங்கற ஆய்வாளர் 2004லயே இதை அளந்து எழுதிட்டார், ராத்திரில சத்தம் கணக்குப் போட்டு வச்சதைவிட ரொம்ப அதிகமா இருக்குன்னு. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் 11 மணிக்குத்தான் மீட்டர் வருது.

எங்க அப்பாவைப் பத்திச் சொல்றேன். வயசு 71. வீட்டுலேர்ந்து காற்றாலை 600 மீட்டர். அவர் கட்டிலை முன் ரூம்லேர்ந்து நடு ரூமுக்கு மாத்தினோம், அங்கேர்ந்து பின்னாடி சமையல்கட்டை ஒட்டி மாத்தினோம், ஜன்னலுக்குப் பழைய மெத்தையை முட்டுக் கொடுத்தோம். இருந்தும் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துடுவார். ஒருநாள் தண்ணி குடிக்கப் போனப்ப பார்த்தேன், இருட்டுல உக்காந்துகிட்டு கட்டில் சட்டத்துல விரலால தட்டிக்கிட்டே இருக்கார், வெளிய ஒவ்வொரு றெக்கையும் கீழ இறங்கறப்ப "வ்வூஷ்"னு வருதே, சரியா அதுக்கு ஒரு தட்டு. "அடுத்தது எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருக்கேன்பா, நிக்க மாட்டேங்குது"ன்னார். நடுவுல மெயின்டனன்ஸுக்குன்னு மூணு நாள் மெஷினை நிறுத்தியிருந்தாங்க. முதல் நாள் காலைல ஏழு மணி ஆகியும் அவர் எந்திரிக்கல, நான் பயந்துபோய் மூக்குகிட்ட கை வச்சுப் பார்த்தேன். தூங்கிக்கிட்டு இருந்தார்.

உங்க ரிப்போர்ட்ல 38 டெசிபல்னு போட்டிருக்கு. அந்த நம்பர் பொய்னு நான் சொல்லல. ஆனா அது சராசரி. நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குற சத்தத்தைச் சராசரி எடுத்தா அந்த ஏத்தமும் இறக்கமும் காணாமப் போயிடும், ஆளை எழுப்புறதே அந்த ஏத்த இறக்கம்தான். அதோட நீங்க அளக்கிற ஏ-வெயிட்டிங் முறைல, அதாவது மனுஷக் காதுக்குக் கேக்குற விதத்துக்கு ஏத்தபடி கணக்குப் போடுற முறைல, அடித்தொண்டை மாதிரி வர்ற தாழ்ந்த சத்தம் குறைச்சுத்தான் கணக்காகும், சுவரையும் ஜன்னலையும் தாண்டி உள்ள வர்றது பெரும்பாலும் அதுதான். டென்மார்க்ல 2012லேர்ந்து வீட்டுக்கு உள்ள தாழ்ந்த சத்தத்துக்குன்னே தனியா 20 டெசிபல்னு வரம்பு வச்சிருக்காங்க. இங்க எங்க வீட்டு வாசல்படியை யாரும் தாண்டி வரவே இல்லையே.

காற்றாலைக்கு நாங்க எதிரி கிடையாது, தயவுசெஞ்சு அந்த லிஸ்ட்ல எங்களைச் சேர்த்துடாதீங்க. நிலக்கரிப் புகையைவிட இது எவ்வளவோ மேல். காதுக்குக் கேக்காத இன்ஃப்ராசவுண்டுதான் எல்லா நோய்க்கும் காரணம்னு சொல்றவங்க எங்க பக்கத்துலயும் இருக்காங்க, அவங்ககிட்ட நானே சண்டை போட்டிருக்கேன். ஆஸ்திரேலியால 37 பேரை மூணு நாள் அந்த அலையோட லேப்ல தங்கவச்சுப் பார்த்து 2023ல ரிசல்ட் வெளியிட்டாங்க, தூக்கத்துக்கோ உடம்புக்கோ ஒண்ணும் ஆகல. பயமுறுத்தி வச்சா உடம்பு வலி தானா வரும்னும் ஆய்வு இருக்கு. எல்லாத்தையும் ஏத்துக்கறேன். ஆனா நாங்க சொல்றது காதுல கேக்குற சத்தத்தைப் பத்திங்க.

அதுக்கும் ஆய்வு இருக்கு. கனடா சுகாதாரத்துறை 1,238 பேரை வச்சுப் பண்ணினது, 2014ல முடிவு வந்துச்சு. தூக்கத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியலைன்னாங்க, சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடுதுன்னும் சொன்னாங்க. நீங்க முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டாவதை விட்டுட்டீங்க. டென்மார்க்ல 2019ல வந்த ஆய்வுல, ராத்திரில வீட்டுக்கு வெளிய 42 டெசிபலும் அதுக்கு மேலயும் இருக்கிற இடத்துல 65 வயசு தாண்டினவங்க தூக்க மாத்திரை வாங்குறது அதிகமா இருந்துச்சு. இதை வச்சு சத்தம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2018ல பகல், சாயங்காலம், ராத்திரி சேர்த்த கணக்குல 45 டெசிபலுக்குக் கீழ இருக்கணும்னு சொல்லிச்சு, ராத்திரிக்குத் தனி அளவு சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலைன்னு விட்டுடுச்சு. ஆதாரம் பத்தலைங்கறதும் பாதிப்பே இல்லைங்கறதும் ஒண்ணாங்க? ஆதாரம் வேணும்னா யாராவது ராத்திரில அளக்கணும்ல?

அனுமதி கொடுக்கறதுக்கு முன்னாடி கூட்டம் போட்டீங்க, "ஃப்ரிட்ஜ் சத்தம் அளவுக்குத்தான் இருக்கும்"னாங்க, நம்பிக் கையெழுத்துப் போட்டோம். இப்ப கேக்கப் போனா கம்பெனி உங்களைக் கை காட்டுது, நீங்க கம்பெனி ரிப்போர்ட்டைக் காட்டுறீங்க. நெதர்லாந்து ஆய்வுல காற்றாலையால வருமானம் வர்றவங்க கிட்டத்தட்ட எரிச்சலே இல்லைன்னு சொன்னாங்களாம், அவங்க வீட்டுல சத்தம் இன்னும் அதிகம்னாலும். இதைக் காட்டி எங்களுக்குப் பொறாமைன்னு ஒருத்தர் முகத்துக்கு நேரா சொன்னார். அன்னைக்கு ரொம்ப வலிச்சுச்சு. எங்களுக்குக் காசு வேணாம். அப்பா தூங்கணும், அவ்வளவுதான்.

கோபத்துல கொஞ்சம் அதிகமாப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க. கேக்கறதை மறுபடி பணிவாவே கேக்கறேன். ராத்திரி 1 மணிலேர்ந்து 4 மணிக்குள்ள வந்து அளங்க, கீழ காத்து அடங்கி மேல மெஷின் ஓடுற நாளாப் பார்த்து, வீட்டுக்கு உள்ளயும் வெளியயும். ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லி அதையும் அளங்க, ரெண்டு பதிவையும் எங்களுக்கும் கொடுங்க. சத்தம் அதிகம்னு வந்தா அந்த நேரத்துல மட்டும் வேகத்தைக் குறைச்சு ஓட்டச் சொல்லுங்க, அதுக்கான செட்டிங் இப்ப வர்ற மெஷின்கள்ல இருக்கு, றெக்கை ஓரத்துல ரம்பப் பல் மாதிரி ஒட்டிச் சத்தத்தைக் குறைக்கறதும் நடைமுறைல இருக்கு.

எங்க வீட்டுக் கதவு எந்நேரமும் உங்களுக்குத் திறந்திருக்கும். வர்ற தேதியை மட்டும் தயவுசெஞ்சு முன்கூட்டியே கம்பெனிக்குச் சொல்லாம வாங்க.

இப்படிக்கு,
காற்றாலைக்குப் பக்கத்துல குடியிருக்கும் ஒருத்தன்