மூன்று பேர் நடுவில் ஒரு பந்து

பென்டன்வில், ஆர்கன்சா
2018 ஜூலை 2

அன்புள்ள மாப்ள,

எட்டு மாதமாகப் பேச்சு மூச்சு இல்லை, இப்போது என்ன திடீரென்று கடிதம் என்று திட்டாதே. திட்டினாலும் சரி, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவின் மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து சாம்பார் ‘தாம்பார்’ ஆகிவிட்டது. வெயில் நம்மூர் வெயில்தான். நலம் விசாரிப்பு முடிந்தது.

நாங்கள் தோற்றுவிட்டோம்டா.

‘நாங்கள்’ யார் என்று கேட்பாய். ஆர்கன்சா பல்கலைக்கழக பேஸ்பால் அணி. சிரிக்காதே. பேஸ்பாலைப் பார்த்து “கில்லியைக் கொஞ்சம் பெரிசாக்கியிருக்கான்” என்று சொன்னவன் நான்தான், மறக்கவில்லை. ஆனால் இந்த மாநிலத்துக்கென்று பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. இருப்பது இந்தப் பல்கலைக்கழக அணியின் காட்டுப்பன்றிக் கொடி ஒன்றுதான். பல் டாக்டர் முதல் பெட்ரோல் பங்க் பையன் வரை எல்லோரும் அதே சிவப்புச் சட்டை. கையைத் தூக்கி “ஊஊஊ பிக் சூயி” என்று பன்றியைக் கூப்பிடுவதுபோல ஊரே கத்தும். முதல் வருடம் தலையில் அடித்துக்கொண்டேன். ஆறாவது வருடம் நானும் கத்துகிறேன்.

எல்லாம் எதிர்வீட்டுத் தாத்தாவின் வேலை. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். 1979-இல் ஆர்கன்சா முதல் முறை அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் இறுதிப்போட்டிக்குப் போய் ஃபுல்லர்டன் அணியிடம் 2-1 என்று தோற்றபோது அவருக்கு 20 வயது. அதன் பிறகு இந்த வருடம்தான். “சாவதற்குள் ஒரு கோப்பை” என்பார். சரி என்று அவரை ஏற்றிக்கொண்டு, இறுதிப்போட்டி நடக்கும் ஒமாஹாவுக்குக் கிளம்பினேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியெல்லாம் நாட்டுப்புறப் பாட்டு, நடுநடுவே என் புளிசாதம். அவர் புளிசாதம் சாப்பிட்ட அழகைத் தனியாக எழுத வேண்டும்.

இறுதிப்போட்டி மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் கோப்பை. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன முதல் ஆட்டத்தில் எதிரணியான ஆரிகன் ஸ்டேட்டை 4-1 என்று அடித்தாகிவிட்டது. நாங்கள் போனது புதன்கிழமை, இரண்டாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், 3-2 என்று நாங்கள் முன்னிலை. அவர்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாம் பேஸில் ஒருவன் நிற்கிறான், அவன் ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ரன். இன்னும் ஒரே ஒரு அவுட். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கடைசி விக்கெட், நமக்கு ஒரு ரன் மிச்சம்.

கிரெனியர் என்ற பையன் அடித்தான். பந்து நேரே வானத்துக்குப் போனது. வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே, ஃபவுல். பேஸ்பாலில் ஃபவுலைப் பிடித்தாலும் அவுட்தான். மாப்ள, அது கஷ்டமான கேட்சே இல்லை. பந்து மேலே போய், கொஞ்சம் யோசித்து, மெதுவாக இறங்கியது. முதல் பேஸ்காரன், இரண்டாம் பேஸ்காரன், பின்னாலிருந்து ரைட் ஃபீல்டர், மூன்று பேரும் ஓடிவருகிறார்கள். தாத்தா எழுந்து நின்றுவிட்டார். பன்றித்தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், மேலே வீசத் தயாராக. நான் போனை எடுத்து வீடியோ போட்டுவிட்டேன்.

பந்து மூன்று பேருக்கும் நடுவில் புல்லில் விழுந்தது. பொத்.

இருபதாயிரம் பேருக்கு மேல் இருந்த இடத்தில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன். கேட்டிருக்க வாய்ப்பே இல்லை, தெரியும். ஸ்கோர் கணக்கில் அது வெறும் ஒரு ஃபவுல். ஆனால் கிரெனியருக்கு மறு உயிர். அவன் அடித்து 3-3. அடுத்து வந்த லார்னாக் ஒரு ஹோம் ரன், நம்மூர் சிக்ஸர் மாதிரி; அவனும் கிரெனியரும் ஓடி வந்து சேர, அவர்களுக்கு 5-3. எங்களுக்குப் பாதி இன்னிங்ஸ் பாக்கி இருந்தது, அதில் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மூன்றாவது ஆட்டம். அவர்களுடைய ஏபல் என்ற முதலாண்டுப் பையன் 129 பந்து வீசினான், எங்கள் ஆட்கள் அடித்து பேஸுக்குப் போனது இரண்டே இரண்டு தடவை. அவர்களுக்கு 5-0, கோப்பையும் அவர்களுக்கு. அதை ஊருக்குத் திரும்பி டிவியில் பார்த்தேன், பாதியில் அணைத்துவிட்டேன்.

தாத்தா திரும்பி வரும்போது கான்சஸ் சிட்டி வரை பேசவில்லை. தொப்பி மடியிலேயே இருந்தது.

அது போகட்டும். இந்த நாலு நாளாக ஆபீஸில், முடிவெட்டுகிற கடையில், எங்கே போனாலும் அந்த மூன்று பையன்களைப் பற்றித்தான் பேச்சு. யார் கத்தியிருக்க வேண்டும், யார் விலகியிருக்க வேண்டும் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. 60 ஆட்டத்துக்கு மேல் ஆடி அதுவரை கொண்டு வந்தவர்களும் அவர்கள்தான் என்பது ஒருவர் வாயிலும் வரவில்லை. நானும் அன்றைக்கு எழுந்து நின்று தமிழில் திட்டினேன், நல்ல வேளை யாருக்கும் புரியவில்லை. ராத்திரி படுத்தால் பந்து மறுபடி இறங்குகிறது. ஆனால் கீழே நிற்பது அவர்கள் இல்லைடா. நம் ஹாஸ்டல் கிரவுண்டு, வேப்பமரத்துப் பக்கம், நானும் கோந்துவும்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சிவில்காரன்களுக்கு மூன்று ரன் வேண்டும், கடைசி விக்கெட். பந்து மேலே போனது. “என்னோடது” என்று கத்தியது நான். கோந்து கேட்டான், விலகினான். பாதியில் வெயில் கண்ணில் பட்டு நான் நின்றுவிட்டேன். பந்து அவன் காலடியில் விழுந்ததால் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி மெஸ்ஸில் அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். அவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடமாகச் சொல்லவில்லை. அவன் கல்யாணத்தில்கூட மேடையில் ஏறி அந்தக் கேட்சை வைத்துத்தானே ஓட்டினோம், அவன் மாமனார் எதிரில். நீ மைக்கைப் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போதே தெரியுமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு.

இப்போது போய்ச் சொன்னால் பைத்தியம் என்பானா? இல்லை, “தெரியும்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவானா? இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது.

அவன் புது நம்பரை அனுப்பு. கோவையில்தானே இருக்கிறான்? அங்கே ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் தூங்கியிருக்க மாட்டான் என்பதையும் சேர்த்து எழுது. அப்புறம், அவனுடைய சரியான இனிஷியல் என்ன? போனில் பெயரைப் பதியும்போது கோந்து என்று போட மனசு வரவில்லை.

உன்
சோடாபுட்டி