முதல் வருஷம் கணக்குக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளை பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகளும் மருமகனும் போன வருஷம் இரண்டு பிள்ளைகளோடு மிஷனெரி ஊழியத்துக்காக ஜார்க்கண்ட் போனார்கள். சாகிப்கஞ்ச் மாவட்டம், ராஜ்மகால் மலைப்பக்கம், பஹாடியா பழங்குடி மக்கள் இருக்கிற இடம். மூத்தவனுக்கு அப்போது 6 வயது, சின்னவளுக்கு 2. அனுப்புதல் ஆராதனையில் சபை நிறைந்திருந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், மருமகனைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், மத்தியானம் பிரியாணியும் போட்டார்கள். என் மகளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டுத்தான் அவள் கிளம்புகிறாள் என்பதே பலருக்குத் தெரியாது.

அந்தக் கடைசி வாரம் ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசைத் திண்ணையில் தொங்கவிட்டு ஒவ்வொரு பையாக நிறுத்துப் பார்த்தோம். நாகர்கோவிலில் ஏறி ஹவுராவில் வண்டி மாற வேண்டும், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகள் வேறு, அதனால் நாலு பைக்கு மேல் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மரச்சீனி வற்றலையும் குடம்புளியையும் நான் உள்ளே வைப்பேன், அவள் எடுத்து வெளியே வைப்பாள். கடைசியில் குடம்புளி மட்டும் போனது. பேரன் தன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, "பெல்லை மட்டும் நான் கொண்டு போறேன்" என்று கழற்றி எடுத்துக்கொண்டான்.

போன பிறகு கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்தி, மலைமேல் ஊர்களுக்கு மால்தோ, இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. மால்தோ நம் தமிழுக்கு உறவான திராவிட மொழிதான், "பாட்டி, கண்ணுக்கு இங்கே கனுன்னு சொல்றாங்க" என்று பேரன் போனில் சந்தோஷமாகச் சொன்னான். ஆனால் ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போவதால் பேச்சு வந்துவிடுமா? வகுப்பில் அவன் மாதக்கணக்காக வாயைத் திறக்கவில்லை. மழைக்காலத்தில் சின்னவளுக்கு மலேரியா வந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு என் மகள் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். இங்கே சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இப்போது நான்தான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எனக்கு வருத்தம், ஆறாவது மாதமே இங்கிருந்து போன போன்கள்தான். "எத்தனை பேர் கூடுகிறார்கள், ரிப்போர்ட் வரவில்லையே, போட்டோ அனுப்புங்கள்" என்று. கடையில் உப்பு கேட்கவே திணறிக்கொண்டிருந்தவர்கள் என்ன ரிப்போர்ட் அனுப்புவார்கள்? பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அந்தப் போன்களில் ஒன்றில்கூடக் கேட்கவில்லை.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மன் மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் 1804 கடைசியில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், அங்கே இருந்து தமிழ் படித்துவிட்டுத்தான் 1806-ல் மயிலாடிப் பக்கம் வந்தார். அவராவது தனி ஆள். 1819-ல் நாகர்கோவிலுக்கு மிஷனெரியான கணவரோடு வந்த மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் ரேந்தை என்கிற லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார், அந்த ரேந்தையால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது! அப்படிப்பட்ட ஊரில் இருந்து போகிற பெண்ணை ஊழியக்காரரின் மனைவி என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கி வைப்பது சரியில்லை. என் மகள் மலைமேல் போனால் கர்ப்பிணிப் பெண்கள் அவளைத்தான் தேடி வருகிறார்கள்.

ஆகவே சபைகளிடம் கேட்டுக்கொள்கிறேன், முதல் வருஷம் கணக்குக் கேட்காதீர்கள். மொழி படிக்கட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். காணிக்கை அனுப்புவதோடு நிறுத்தாமல், அந்த முதல் வருஷத்திலேயே யாராவது இரண்டு பேர் நேரில் போய் ஒரு வாரம் அவர்களோடு தங்கிவிட்டு வாருங்கள். பக்கத்துச் சபையில் இருந்து அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் கிளம்புகிறது, அவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள்தான். பொன்னாடைக்கு வைத்திருக்கிற பணத்தில் நல்ல கொசுவலையும், மூத்த பிள்ளைக்கு ஒரு இந்திப் பாலபாடப் புத்தகமும் வாங்கிக்கொடுங்கள், ஆராதனையில் அந்தத் தாயையும் இரண்டு வார்த்தை பேசவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
களியக்காவிளை