வசந்திக்கு, கோண்டாவிலில் இருந்து

அன்புள்ள வசந்தி,

உன் மருமகளுக்கு ஐ.வி.எஃப், அதுதான் வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை, கைகூடிவிட்டது என்று வாசித்ததும் நல்லூருக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சின்னவளின் பிள்ளையும் அப்படி வந்தவள்தானே. பிறந்து நாலாம் கிழமை நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டொக்டர், இதயத்தில் இரைச்சல் கேட்கிறது என்றார். எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்கும்போது நானும் உள்ளே நின்றேன். திரையில் சிவப்பும் நீலமுமாய் இரத்தம் ஓட, கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் நூல்போல ஒரு கீற்றுப் பாய்ந்தது. அதுதான் ஓட்டை. சின்ன ஓட்டைகளில் பல தானாகவே மூடிவிடும் என்றார்கள். பால் குடிக்கையில் மூச்சு வாங்குகிறதா, நெற்றி வியர்க்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் அந்த நெற்றியை விட்டு என் கண் அகலவில்லை.

அதைவிட வருத்தியது ஊர்வாய். "ஊசி போட்டுப் பெத்த பிள்ளை, வேறென்ன" என்று சொந்தக்காரி ஒருத்தி சின்னவள் காதுபடவே சொன்னாள். பிள்ளையைவிட இவள் அழுததுதான் கூட.

அப்புறம்தான் தேடி வாசித்தேன். உங்கள் நோர்வேயோடு டென்மார்க், சுவீடன், பின்லாந்தையும் சேர்த்து 77 லட்சம் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. இயல்பாய்க் கருவுற்ற 1000 பிள்ளைகளில் 11, 12 பேருக்குப் பெரிய இதயக் குறை. சிகிச்சையால் வந்தவர்களில் 18 பேருக்கு. கூடத்தான், மறைக்க ஒன்றுமில்லை. மிச்சம் 980 பேரைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்தாலும் உடனே வைத்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பிள்ளை தங்காததற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணமாகலாம் என்று ஆய்வு செய்தவர்கள் நினைக்கிறார்கள். இதை ஒரு தாளில் எழுதி இவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

சிகிச்சையால் வந்த இரட்டைப் பிள்ளைகள் என்றால் 1000க்கு 24, 25. உன் மருமகளுக்கு ஒன்றா இரண்டா, எழுதவில்லையே? எதுவானாலும் 18 முதல் 22 கிழமைக்குள் பிள்ளையின் இதயத்தைத் தனியாகப் பார்க்கும் ஸ்கானைக் கேட்டு எடுக்கச் சொல். எங்களுக்கு அப்போது அது தெரியாது. முன்னமே தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரியில் பெறுவது என்றாவது யோசிக்கலாம். பயமுறுத்த எழுதவில்லையடி, நான் சொல்லாமல் உனக்கு யார் சொல்வது?

பேத்திக்கு ஒன்பது மாதம். போன கிளினிக்கில் ஓட்டை சுருங்கியிருந்தது. நேற்று மாமரத்தடியில் பாயை விட்டுத் தவழ்ந்து போய் மண்ணள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஓடிவந்து துடைத்த இவள், கனநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

உன் பதிலைப் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
மலர்