981-இல் நிற்கும் கோடு

ஈசூன், சிங்கப்பூர்
ஜனவரி 9

அன்புள்ள கதிருக்கு, அம்மா எழுதுவது.

இங்கு எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏழுக்கு இறங்கிவிட்டது. அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து அலமாரியை ஒழித்துக் கொடுத்தாள். பாட்டியுடைய தட்டை மட்டும் தொடவில்லை. தேக்காவில் கரும்பு வந்து இறங்கிவிட்டது. மற்றதெல்லாம் பிறகு.

புத்தாண்டுக்கு நார்வேயிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெட்டி ஏணியில் மேலே நாலு படி கறுப்பாக இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள படியெல்லாம் கண்ணாடி வார்த்த மாதிரி மின்னுகிறது. கடல் ஏற்றத்தில் நனைந்த படி, நீர் வற்றியதும் மைனஸ் பத்துக் காற்றுக்கு வெளியே வந்து உறைகிறது. ஒவ்வொரு வற்றத்துக்கும் புதிதாக ஒரு படலம். நீர் வற்றிய நேரத்தில்தான் ஏணியும் நீளம், வழுக்கலும் அதிகம். ஆகையால் படகில் ஏறுவதையும் இறங்குவதையும் முடிந்தவரை ஏற்றத்தை ஒட்டி வைத்துக்கொள். தளமும் ஜெட்டியும் ஒரே மட்டத்துக்கு வரும் அந்த ஒரு மணி நேரத்தில் காலை எடுத்து வைத்தால் போதும், ஏணியே வேண்டாம். வற்றத்தில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மேலே ஒருவர் நிற்காமல் இறங்காதே.

நீ இருக்கும் ஹொன்னிங்ஸ்வோக்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மூன்று மீட்டரைத் தாண்டாது, சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே அளவுதானே என்று நீ சொன்னாய். அளவு சரி. ஆனால் அந்த மூன்று மீட்டரும் ஒரே சீராக இறங்காது. ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள்: முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று மீட்டர் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர், மூன்றாவது, நாலாவது மணிகளில் 75. கட்டின கயிறு முறுக்கேறிப் படகைத் தொங்கவிடுவதும், தளர்ந்து சுருள் சுருளாக விழுவதும் அந்த நடு இரண்டு மணியில்தான். உறைந்த கயிறு முளையில் வழுக்கும், வளையாது. கையால் இழுத்துப் பிடிக்கத் தோன்றும். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிப் பிடிக்காதே. உள்ளங்கையை மேலிருந்து வைத்துப் பிடி, விட வேண்டுமென்றால் கை விரிந்தாலே கயிறு விட்டுப்போக வேண்டும். அந்த மோதிரத்தைக் கழற்றி வை.

அமாவாசையும் பௌர்ணமியும் உனக்கு முக்கியம். அன்றைக்கே இல்லை, அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அங்கே ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிக ஆழமாகவும் போகும். அஷ்டமியை ஒட்டினால் குறையும். இந்த வருஷ நாள்காட்டியில் தை அமாவாசைக்கும் தைப்பூசத்துக்கும் பக்கத்தில் ஊதா மையால் உனக்காகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் கடல் வரைபடத்தில் திருத்தம் போட்ட கை, ஊதா மை தவிர வேறெதுவும் எடுக்க மனம் வரவில்லை. தைப்பூசத்தை ஒட்டி உனக்குச் சில நாள் நிலா அடையவே அடையாது, வெளிச்சம் கிடைக்கும். சூரியன் உனக்கு இந்த மாதம் 20-ஆம் தேதி தாண்டித்தான் எட்டிப் பார்க்கும், இல்லையா? அதுவரை வைட்டமின் டி மாத்திரையை விடாதே.

ஏற்றவற்ற அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே நம்பிவிடாதே. அது நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு, அன்றைய காற்றழுத்தம் அதற்குத் தெரியாது. சராசரி அழுத்தம் 1013 மில்லிபார்; அதற்கு மேல் ஒரு மில்லிபார் ஏறினால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், ஒன்று குறைந்தால் ஒரு சென்டிமீட்டர் உயரும். வானம் தெளிந்து, குளிர் கடித்து, பாரோமீட்டர் 1043 காட்டுகிற நாளில் அட்டவணையை விட 30 சென்டிமீட்டர் தண்ணீர் குறைவு. கரையோரப் பாறையில் புரொப்பெல்லர் தட்டுவது அந்த மாதிரி அழகான நாளில்தான். 970 என்றால் 40-க்கு மேல் கூடுதல். மேற்குக் காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும், ஜெட்டிக்கு மேலேயே நீர் வரும். நார்வேயின் வரைபடத் துறை தன் கடல்மட்டப் பக்கத்தில் கணக்கிட்ட மட்டத்தையும் வானிலை சேர்த்த மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறது. இரண்டாவதைப் பார். ஹொன்னிங்ஸ்வோக்கிலேயே அவர்களுடைய அளவுமானி இருக்கிறது, அதை விட நல்ல சாட்சி உனக்கு வேண்டாம்.

நீரோட்டம் திரும்புகிற நேரமும் ஏற்றம் உச்சிக்கு வருகிற நேரமும் ஒன்றல்ல. இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தவறுகிறார்கள். மாகெரோய்சுண்ட் மாதிரி இரண்டு பக்கமும் திறந்த ஜலசந்தியில், ஜெட்டியில் நீர் நின்ற பிறகும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை உயரத்தை விட அதன் சரிவுதான் ஆபத்து. குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து முன்தளத்தில் உடையும். அதே காற்று, ஓட்டம் திரும்பினதும் பாதி அடங்கிப்போகும். ஒரு மணி நேரம் காத்திருப்பது கோழைத்தனம் இல்லை, கணக்கு.

அங்கே காற்றை வினாடிக்கு மீட்டரில் சொல்கிறார்கள். நீ நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, படித்தவன். 17 என்று பார்த்ததும் மனம் 17 நாட் என்று படித்துவிடும். அது 33 நாட். 17.2 தொட்டாலே பியூஃபோர்ட் காற்று அளவில் 8. எப்போதும் இரண்டால் பெருக்கு, கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் நல்லதுதான். அலை உயரம் 4 மீட்டர் என்றால் ஒவ்வொரு அலையும் 4 மீட்டர் என்று பொருள் இல்லை. எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அது. நாள் முழுக்க வெளியே இருந்தால் ஏழு, எட்டு மீட்டரில் ஒன்றைப் பார்க்காமல் திரும்ப மாட்டாய்.

எனக்கு உண்மையில் பயம் போலார் லோ என்கிற துருவப் பக்கத்துச் சின்னப் புயல் மீதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு நல்ல காலம். உறைந்த கடல் பக்கத்திலிருந்து கடுங்குளிர்க் காற்று, நாலைந்து டிகிரி சூடுள்ள திறந்த கடல் மேல் வந்து விழும்போது பிறக்கிறது. சில நூறு கிலோமீட்டர்தான் அகலம், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஆயுள். பெரிய புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எச்சரிக்கை கிடைக்கும். இதற்குச் சில மணி நேரம் கிடைத்தால் பெரிது. மெல்லிய காற்று பத்து நிமிஷத்தில் கடும் காற்றாகும், பனிப்பொழிவில் எதிரே உள்ள மீன் வளர்ப்புக் கூண்டு மறையும். நடுவில் சற்றுத் தெளிந்து நட்சத்திரம்கூடத் தெரியும். அந்தத் தெளிவை நம்பிப் புறப்படாதே.

இதற்குத்தான் தினமும் பாரோமீட்டர் எண்ணைக் கேட்டேன். சிங்கப்பூரில் அது காலை பத்துக்கு ஏறும், மாலை நாலுக்கு இறங்கும், இரவு பத்துக்கு மறுபடி ஏறும், எல்லாம் மூன்று நாலு மில்லிபாருக்குள். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அதைப் பார்க்கும் பழக்கமே வராது. உனக்கு அங்கே மூன்று மணி நேரத்தில் மூன்று குறைந்தால் வேலையைச் சுருக்கு. ஆறு குறைந்தால் கரையில் இரு. இறங்கி முடிந்து வேகமாக ஏறத் தொடங்கினால் தப்பித்தோம் என்று நினைக்காதே, மிக மோசமான காற்று பல சமயம் ஏறும்போதுதான் வருகிறது. ஏறினாலும் இறங்கினாலும் வேகம்தான் கணக்கு.

படகில் உறைவதைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். காற்று மைனஸ் இரண்டுக்குக் கீழே, வேகம் பத்து மீட்டருக்கு மேல், தூவானம் தளத்தில் விழுகிறது என்றால் அது உறைந்து ஒட்டும். நூறு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் படிந்தால் முக்கால் டன்னுக்கு மேல். கடுமையான நிலையில் அதை ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும். எடையை விட, எடை எங்கே ஏறுகிறது என்பதைப் பார்: கிரேன், கூரை, கம்பிகள், ஆன்டெனா, எல்லாம் உச்சியில். படகு சொல்லும். வழக்கமாகச் சட்டென்று நிமிர்கிற படகு, சாய்ந்து, சாய்ந்த இடத்தில் ஒரு நொடி நின்று, மெதுவாக எழுந்தால், ஆட்டம் சுகமாக இருக்கிறதே என்று இருந்துவிடாதே. அதுதான் கடைசி எச்சரிக்கை. 1968 பிப்ரவரியில் ஐஸ்லாந்தின் ஓர் ஃபியோர்டுக்குள் ராஸ் கிளீவ்லேண்ட் என்ற பெரிய இழுவலைக் கப்பலே உறைபனி ஏறிக் கவிழ்ந்தது. உங்கள் படகு பதினாலு மீட்டர்.

வேகத்தைக் குறை, தூவானம் குறையும். காற்றை முதுகுக்கு வாங்கிக்கொண்டு மலை மறைவுக்குப் போ. மரச் சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டு, இரண்டு பக்கமும் சமமாக. தளத்து நீர் வெளியேறும் வழிகளும் உயிர்மிதவையின் கொக்கியும் உறையாமல் பார்த்துக்கொள்; அவை அடைத்தால் மற்றதெல்லாம் வீண்.

குளிர் காக்கும் உடையின் ஜிப் கழுத்துவரை இருக்கட்டும். தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சை அடக்குவது மட்டுமே வேலை, நீந்தாதே. அடுத்த பத்து நிமிஷம்தான் விரல்கள் சொன்னதைக் கேட்கும். விரல் மெழுகு மாதிரி வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்காதே, நான் கொடுத்துவிட்ட கோடாலித் தைலத்தையும் தடவாதே. 37, 38 டிகிரி வெந்நீரில் அரை மணி வை. மறுபடி உறையும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் சூடேற்றவும் வேண்டாம், முதலில் கரைக்கு வா. விரல் வீங்கும். அதற்கு முன்பே மோதிரம் கழன்றிருக்க வேண்டும்.

மோதிரத்தைப் பற்றி இத்தோடு மூன்று தடவை ஆகிறது. 29-ஆம் தேதி தொலைபேசியில் சொன்னேன். 30-ஆம் தேதி 981 என்று மட்டும் அனுப்பினாய். அதற்குப் பிறகு எண் வரவில்லை, படம் வந்தது. படத்தில் உன் இடது கை பைக்குள் இருந்தது. தினமும் இரவு ஒன்பதுக்கு நீ அனுப்பும் எண்ணைக் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து வருகிறேன், அக்டோபரிலிருந்து. அது 981-இல் நிற்கிறது.

கதிர், இன்றைக்கு நான் சொல்வது முழுக்கத் தளத்து வேலையைப் பற்றி. மோதிரம் கொக்கியில் மாட்டினால் விரலோடு தோலை உரித்துக்கொண்டு போகும், உலோகம் குளிரை எலும்புக்குக் கொண்டுபோகும். ஆனால் 29-ஆம் தேதி நான் கடலை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. அது உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. கப்பல்காரர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பு விதியை எடுத்து வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன். கடலில் இல்லாத பாறையை ஒரு வரைபடத்தில் இருக்கிறதென்று வரைந்தால் அதற்கு என்ன பெயரோ, நான் செய்ததற்கும் அதே பெயர். அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

நல்ல வேலை செய்கிறாய். ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளை 71 டிகிரி வடக்கில் இருட்டில் கூண்டு பார்க்கிறான் என்று புளோக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவையாவது பேசக் கூடாதா? அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே ஒன்பது, நான் விழித்துத்தான் இருப்பேன்.

இந்தக் கடிதத்தோடு வீரமாகாளி கோவில் மஞ்சள் நூல் இரண்டு வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது மோதிரத்தை அதில் கோத்துக் கழுத்தில், உள்சட்டைக்குள் போட்டுக்கொள். சங்கிலியில் கோக்காதே, சங்கிலி மாட்டினால் அறாது. இது பருத்தி, இழுத்தால் அறுந்துவிடும். இன்னொரு நூல் இங்கிரிட்டுக்கு. அவளும் ஜெட்டியில்தானே வேலை செய்கிறாள், அவள் மோதிரத்துக்கும் இதே விதிதான்.

பொங்கல் அன்றைக்குப் படம் அனுப்பு, இரண்டு கையும் வெளியே தெரிய. அதுவரை எண்ணாவது அனுப்பு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. 30-ஆம் தேதிக்குப் பிறகு உள்ளதைக் குறித்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு, கட்டத்தாளில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா